ஆயில் மாற்றும்போது சிந்திவிட்டால்: கருகல் வாடை அடங்கும் வரை செய்ய வேண்டியவை, வரிசைப்படி

வீட்டு வாசலில் தாமே எஞ்சின் ஆயில் மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மூன்று முறைகளில் கொஞ்சமாவது சிந்திவிடுகிறார்கள். சிந்தியது, எஞ்சின் புகையை வெளியேற்றும் சூடான குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலோ அதை ஒட்டிய தகட்டின் மேலோ விழுந்திருந்தால், ஸ்டார்ட் செய்த ஐந்து பத்து நிமிடங்களில் பானெட் இடுக்குகளிலிருந்து புகை வரும். ஏசி காற்றில் கருகல் வாடை அடிக்கும். அதைக் கண்டு பதறிச் சூடான எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றுகிறவர்களையும், "தானாகப் போய்விடும்" என்று அப்படியே நெடுஞ்சாலையில் கிளம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பின்னவர் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறார். ஆனால் வருவது சிந்தியதன் வாடையா, எங்கிருந்தோ கசிந்துகொண்டிருப்பதன் வாடையா என்பது அவருக்குத் தெரிவதே இல்லை.

சிந்தியது எரிந்து தீர்ந்துவிடும். கசிவது தீராது. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், சிந்தியதை முடிந்தவரை முழுவதும் எடுத்த பிறகே எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்தக் காரணத்தை வைத்தே அமைந்திருக்கிறது.

1. வேலையைத் தொடங்கும் முன் கையருகே வைக்க வேண்டியவை

சிந்திய பிறகு துணி தேடி வீட்டுக்குள் ஓடுகிறவர், அந்த இரண்டு நிமிடத்தில் ஆயிலை மேனிஃபோல்டின் அடிவரை இறங்க விட்டுவிடுகிறார். ஆகவே துடைக்கும் பொருள்கள் ஸ்பானருக்கும் முன்பே வெளியே வர வேண்டும். பனியன் வேஸ்ட் துணி தாராளமாக வேண்டும். எத்தனை துண்டு எடுத்தோம் என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணிக்கை ஏன் என்பது 6ஆம் படியில் வரும்.

இவற்றோடு நீண்ட கழுத்துள்ள புனல், அலுமினியத் தாள், டார்ச் விளக்கு, இடுக்குகளைப் பார்க்க ஒரு சிறிய முகக்கண்ணாடி, ரப்பர் கையுறை, தண்ணீரில் கரையும் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்), தரையில் தூவ உலர்ந்த மணல் ஆகியவை தேவை. மரத்தூளைத் தரைக்கு மட்டும் பயன்படுத்தலாம். எஞ்சின் பகுதிக்குள் தூவக் கூடாது. ஆயில் ஊறிய மரத்தூள் சூடான குழாயின் மேல் தங்கினால் அதுவே பற்றிக்கொள்ளும். ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்று, ஒரு கிலோ அளவில் இருந்தாலும் போதும், கை எட்டும் தூரத்தில், ஆனால் வண்டிக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஆயில் எளிதாக வடிவதற்காக எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விடுவது சரி. அரை மணி நேரம் ஊர் சுற்றி வந்து உடனே ஆயில் ஃபில்டரைக் கழற்றுவது சரியல்ல: கையும் சுடும், சிந்துவதும் விழுந்த இடத்திலேயே புகையும்.

சிந்தாமல் ஊற்ற ஒரு சிறு பழக்கம் உதவும். தட்டையான கேனை, அதன் வாய் மேல்விளிம்பில் இருக்குமாறு படுக்க வைத்து ஊற்ற வேண்டும். வாய் கீழ்விளிம்பில் இருந்தால் காற்று உள்ளே போக வழியில்லாமல் ஆயில் குபுக் குபுக்கென்று துள்ளி விழும். முதல் முறை ஊற்றுகிறவர்கள் சிந்துவது பெரும்பாலும் இதனால்தான். ஃபில்டருக்குக் கீழே மேனிஃபோல்டோ குறுக்குச் சட்டமோ இருக்கும் வண்டிகளில், அலுமினியத் தாளை வாய்க்கால் போல மடித்து வைத்துவிட்டால் வழிவது நேராகப் பழைய ஆயில் பிடிக்கும் தட்டில் விழும்.

2. சிந்திய அந்த நிமிடத்தில்

ஊற்றுவதை நிறுத்தி, கேனை நிமிர்த்தித் தரையில் வைக்கவும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கவும். சாவியை எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. கை உள்ளே இருக்கும்போது அது தானாகச் சுழலத் தொடங்கலாம். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆறும்வரை மேனிஃபோல்டின் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. முக்கால் மணி நேரமாவது ஆகும். மற்ற இடங்களில் தேங்கியிருப்பதை இதற்குள் துணியில் ஒற்றி எடுக்கலாம்.

3. சிந்தியது எது என்று உறுதி செய்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறவர்கள் அதிகம். ஆனால் அடுத்து தண்ணீர் பயன்படுத்தலாமா கூடாதா என்பது இதைப் பொறுத்தே அமையும்.

எஞ்சின் ஆயில்: இதன் ஆவி தீப்பற்றக்கூடிய நிலையை அடைவது ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசுக்கு மேல்தான். நின்று ஓடும் எஞ்சினில் சில துளிகள் புகைவதோடு நிற்பது இதனால்தான். ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் மேனிஃபோல்ட் 400 டிகிரியையும் தாண்டும். அரை லிட்டர் சிந்திய வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீரில் கரையாது.

கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்): இனிப்பான, பாகு காய்வது போன்ற வாடை. பாதி தண்ணீர் என்பதால் தீப்பிடிக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். சூடான உலோகத்தின் மேல் தண்ணீர் முதலில் ஆவியாகிப் போய்விடும். கூலண்டின் மறுபாதியாக எஞ்சும் எத்திலீன் கிளைக்கால் எரியக்கூடியது. தண்ணீரில் நன்றாகக் கரையும்.

பிரேக் ஆயில்: பெயரில்தான் ஆயில். டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் ஈதர் சேர்மங்களால் ஆனவை. தண்ணீரில் கரையும், எரியும், பெயின்ட்டையும் அரித்துவிடும். பானெட் ஓரத்திலோ ஃபெண்டரிலோ பட்டிருந்தால் மற்றதை விட்டுவிட்டு அதை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தேய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து உரியும்.

கியர் ஆயில்: இதில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் சூட்டில் கெட்ட முட்டை போன்ற வாடை வரும். கொஞ்சம் சிந்தினாலும் நாட்கணக்கில் இருக்கும். வாடையின் கடுமையை வைத்துச் சிந்திய அளவைக் கணக்கிட வேண்டாம்.

பெட்ரோல், டீசல்: இவை இந்த வழிகாட்டிக்குள் அடங்காதவை. எரிபொருள் ஃபில்டர் மாற்றும்போது இவற்றில் எது சிந்தினாலும் சுவிட்ச் எதையும் தொடாமல் விலகி, காற்றோட்டம் கொடுத்து, முழுவதும் காய்ந்த பிறகே அடுத்த வேலை. டீசல் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பொறி பட்டால் பெட்ரோல்தான் எளிதில் பற்றும். ஆனால் பொறியே இல்லாமல் சூட்டினால் மட்டும் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை பெட்ரோலைவிட டீசலுக்குக் குறைவு. சூடான மேனிஃபோல்டின் மேல் சிந்திய டீசலை அற்பமாக எண்ணக் கூடாது.

4. முதலில் உலர்ந்த துணி

பெயின்ட்டில் பட்ட பிரேக் ஆயிலைத் தவிர, எது சிந்தியிருந்தாலும் முதல் வேலை ஒற்றி எடுப்பது. ஆயிலின் மேல் தண்ணீரோ டிகிரீசரோ முதலிலேயே பட்டால், ஓரிடத்தில் இருந்தது மெலிந்து, வயர் இணைப்புகளுக்குள்ளும் பெல்ட்டின் மேலும் கீழே உள்ள அடித்தட்டிலும் பரவிவிடும். துடைக்க வேண்டிய இடம் நான்கு மடங்காகும்.

மேலிருந்து கீழாக வரவும். எட்டாத இடுக்குகளுக்கு, துணியை நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியில் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக்கொண்டால் போதும். மேற்புறம் முடிந்ததும் வண்டிக்கு அடியிலும் பார்க்க வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது, ஸ்டாண்ட் வைத்த பிறகே நுழையவும்.

மறைந்து நிற்கும் இரண்டு இடங்களைப் புதியவர்கள் தவற விடுகிறார்கள். ஒன்று, மேனிஃபோல்டை மூடியிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டின் உட்புறம். தகட்டின் மேல் விழுந்ததைத் துடைத்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுவோம். ஓட்டை வழியாக உள்ளே இறங்கியதுதான் பிறகு புகையும். அந்தத் தகட்டை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு கழற்றித் துடைப்பது சிறந்தது. ஆனால் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாகத் திருப்பி போல்ட்டின் தலையை முறித்துவிட வேண்டாம். உள்ளே இருப்பது எரிந்து தீரும்வரை சில நாள் வாடையைப் பொறுத்துக்கொள்வதே மேல். இன்னொன்று, எஞ்சினுக்குக் கீழே உள்ள அடித்தட்டு. இதில் தேங்கிய ஆயில் வாரக்கணக்கில் சொட்டி, கசிவு இருப்பது போலவே நம்மை ஏமாற்றும். இதைக் கழற்றித் துடைத்தே ஆக வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதி) கார்கள் பலவற்றில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டை ஒட்டியே இருக்கிறது. அதன் மேற்பரப்பு மிக அதிகமாகச் சூடேறும் என்பதால் அதன் மேல் ஒரு துளியும் மிச்சம் வைக்காமல் துடைக்கவும்.

5. பிறகே கழுவுதல்

ஒற்றி எடுத்த பின் எஞ்சியிருக்கும் மெல்லிய படலத்துக்குத்தான் டிகிரீசர். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி), ஃபியூஸ் பெட்டி, காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டு, டிகிரீசரைத் துணியில் தெளித்துத் துடைக்கவும். நேராக எஞ்சின் மேல் அடிக்க வேண்டாம். எக்ஸாஸ்டில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சாரில் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளவும். கடைசியில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்தால் டிகிரீசரும் போய்விடும். அது தங்கினால் அதற்கும் தனி வாடை உண்டு.

சிந்தியது கூலண்ட் அல்லது பிரேக் ஆயில் என்றால் டிகிரீசர் தேவையில்லை, தண்ணீரே போதும். ஆறிய எஞ்சினில், குறைந்த வேகத்தில், மேலே சொன்னவற்றை மூடிவிட்டுக் கழுவலாம். சூடான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விட வாய்ப்பு உண்டு.

மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கொண்டு எஞ்சினைத் துடைக்கும் வழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. எஞ்சின் ஆயிலைவிட எளிதில் பற்றக்கூடிய ஒன்றை அதே இடத்தில் தடவுவது அது. ஸ்ப்ரே கேனில் வரும் பிரேக் கிளீனரையும் சூடான பரப்பின் மேல் அடிக்கக் கூடாது. சில வகைகள் தீப்பற்றும், குளோரின் கலந்த வகைகள் கடும் சூட்டில் நச்சு வாயுவாகும்.

பெல்ட்டின் மேல் ஆயில் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டுப் பார்க்கலாம். ஊறிப் போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ரப்பர் உப்பி, வழுக்கி, சில வாரங்களில் ரப்பர் கருகும் வாடையைத் தொடங்கிவைக்கும். பிரேக் பேடில் எந்த எண்ணெய் ஊறினாலும் பேச்சுக்கே இடமில்லை. டிஸ்க்கைத் துடைத்துக்கொள்ளலாம், பேடுகளைப் புதிதாகத்தான் போட வேண்டும். "ஓட்ட ஓட்ட எரிந்துவிடும்" என்று விட்ட வண்டி, அவசரத்தில் ஒரு பக்கமாக இழுக்கும்.

6. ஸ்டார்ட் செய்வதற்கு முன்

நான்கு இடங்களைக் கையால் தொட்டுப் பார்க்கவும்: ஆயில் ஊற்றும் மூடி, டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி), ஃபில்டர், டிரெய்ன் போல்ட் (பழைய ஆயிலை வடிக்க அடியில் கழற்றும் போல்ட்). மூடி போடாமல் ஸ்டார்ட் செய்தால் உள்ளிருந்து ஆயில் தெறித்து, இதுவரை துடைத்ததெல்லாம் வீணாகும். ஃபில்டர் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதிய வளையம் ஏறிவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. ஓடாத எஞ்சினில் அது கசியாது. ஆயில் அழுத்தத்தோடு பாயத் தொடங்கியதும் பீறிடும். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து அதன் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பார்த்தால் அரை நிமிடத்தில் இந்தச் சந்தேகம் தீரும்.

அடுத்து அளவு. சிந்தியது போக எவ்வளவு உள்ளே போயிற்று என்பதை ஊகித்து மேலும் ஊற்றுகிறார்கள். சிந்தியது எப்போதும் பார்வைக்கு அதிகமாகத் தெரியும், அதனால் எஞ்சினில் அளவு மிஞ்சிவிடுகிறது. டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்து, இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது துணிகளை எண்ணவும். ஒரு முறை நண்பர் ஒருவரின் வண்டியில் மூன்று நாள் தீராத கருகல் வாடைக்காக ஃபில்டர், பேக்கிங் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கடைசியில் பேட்டரித் தட்டுக்குப் பின்னால் விழுந்து குழாயில் ஒட்டிக் கருகிக்கொண்டிருந்த பனியன் துண்டைக் கண்டெடுத்தோம். அது பற்றாமல் இருந்தது எங்கள் நல்ல காலம். எடுத்த எண்ணிக்கையும் கையில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துவராத வரை சாவியைத் தொடக் கூடாது என்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

7. முதல் ஸ்டார்ட்

வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையே கிடையாது. பானெட்டைத் திறந்து வைத்து, ஏசியையும் புளோயரையும் அணைத்துவிடவும். காற்று உள்ளே நுழையும் வாய் முன்கண்ணாடியின் கீழே இருப்பதால், புளோயர் ஓடினால் புகை முழுவதும் காருக்குள் வந்து இருக்கைத் துணியில் ஏறிவிடும்.

ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஃபில்டரின் அடியையும் டிரெய்ன் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பார்க்கவும். சில நிமிடங்கள் கழித்து ஆயில் அளவையும் மீண்டும் பார்க்க வேண்டும். புதிய ஃபில்டர் நிரம்பியதால் கொஞ்சம் இறங்கியிருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் மீண்டும் ஸ்டார்ட் செய்து பத்து, பதினைந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடவும். மெல்லிய, நீலம் கலந்த வெள்ளைப் புகை வந்து, கூடி, பிறகு குறைந்தால் அது மிஞ்சிய படலம் எரிவது. எங்கிருந்து எழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளவும். புகை கூடிக்கொண்டே போனால் அணைத்துவிட்டு 4ஆம் படிக்குத் திரும்ப வேண்டும்.

8. முதல் ஓட்டமும் அடுத்த சில நாட்களும்

நின்று ஓடும்போது மேனிஃபோல்ட் முழுச் சூட்டை அடைவதில்லை. ஆகவே வாசலில் புகை நின்றுவிட்டது என்பதால் வேலை முடிந்ததாகாது. முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், நிதான வேகத்தில். திரும்பி வந்து பானெட்டைத் திறந்து பார்த்து, குறையேதும் இல்லையென்றால் மறுநாள் இருபது கிலோமீட்டர். அதன் பிறகே நெடுஞ்சாலை.

ஒன்றிரண்டு கரண்டி அளவு சிந்தி, நன்றாகத் துடைத்திருந்தால் வாடை இரண்டு மூன்று ஓட்டங்களில் போய்விடும். தடுப்புத் தகட்டுக்கு உள்ளே இறங்கியிருந்தால் ஒரு வாரம் வரை எதிர்பார்க்கலாம். கவனிக்க வேண்டியது நாட்களின் எண்ணிக்கையைவிட வாடையின் போக்கு: ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் குறைய வேண்டும். தினமும் அதே ஓட்டத்தின் முடிவில், அதே இடத்தில் நின்று முகர்ந்து, ஒரு வரி எழுதிவைத்தால் நினைவு ஏமாற்றாது.

9. வாடை குறையவில்லை என்றால்

ஒரே அளவில் நீடிக்கும் வாடையும், குறைந்து பிறகு கூடும் வாடையும் கசிவைக் காட்டுகின்றன. இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து, காலையில் பார்க்கவும். பழுப்பு அல்லது கறுப்புத் துளி எஞ்சின் ஆயில். சிவப்பு பெரும்பாலும் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று பிசுபிசுப்பாக இருந்தால் கூலண்ட். நிறமில்லாத வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து வருவது. அதற்காகப் பதற வேண்டாம்.

அட்டை சுத்தமாக இருந்தும் வாடை வந்தால், துளி கீழே விழும் முன்பே மேனிஃபோல்டில் எரிந்துவிடுகிறது என்று பொருள். அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது டேப்பெட் கவர் பேக்கிங், அதாவது எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் பட்டை. அந்த விளிம்பைத் துடைத்துக் காயவைத்து, முகப் பவுடரை மெல்லத் தூவிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தால், கசியும் இடத்தில் மட்டும் பவுடர் நனைந்து கோடு தெரியும்.

சிந்தியதோடு தொடர்பே இல்லாத வாடைகளும் அதே வாரத்தில் வரலாம். மேட்டில் கிளட்சைப் பாதி அழுத்தி நிறுத்தும்போது வருவது, கைப்பிரேக்கை விடாமல் ஓட்டியதால் சக்கரத்தில் வருவது, சைலன்சர் குழாயில் ஒட்டி உருகும் பாலித்தீன் பை ஆகியவை அவ்வகை. பிஎஸ்-6 டீசல் கார்களில் புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்திலும் கருகல் வாடை வருவதுண்டு.

10. ஓட்டக் கூடாத, ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டிய நிலைகள்

கறுப்புப் புகை, பிளாஸ்டிக் உருகும் வாடை, பெட்ரோல் வாடை, சிவப்பு ஆயில் விளக்கு, ஏறிக்கொண்டே போகும் சூட்டு முள் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஓரம் கட்டி அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். சிஎன்ஜி வண்டியில் எளிதாக எட்டினால் சிலிண்டர் வால்வையும் மூடவும்.

பானெட் இடுக்கில் தீ தெரிந்தால் பானெட்டை முழுவதும் தூக்கக் கூடாது. உள்ளே புகும் காற்றில் தீ எழும்பும். பூட்டை மட்டும் விடுவித்து, கிடைக்கும் இடைவெளி வழியாகத் தீயணைப்பானை அடிக்கலாம். ஒரு முறை அடித்தும் அடங்காவிட்டால் விலகி நின்று 101 அல்லது 112 எண்ணை அழைக்கவும்.

11. துடைத்த துணியும் வடித்த ஆயிலும்

பழைய ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் அடங்கும் பொருள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், கேனில் அடைத்து, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கொடுக்கவும். ஊறிய துணிகளையும் மணலையும் மூடியுள்ள தகர டப்பாவில் வெயில் படாமல் வைத்திருந்து அதோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.

கூலண்ட் சிந்திய தரையை மட்டும் அன்றைக்கே துடைத்தெடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் தெருநாய்களும் பூனைகளும் நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கொன்றுவிடும். மிச்சக் கூலண்ட் உள்ள கேன் குழந்தைகளின் கைக்கு எட்டாத பரணில் இருக்கட்டும். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.